பத்தாவது பல்

கன்னையா ஜீப்பை நிறுத்துவதற்கு முன்பே அதன் ஊளை மேரு சாலை முழுக்கக் கேட்டது. கிள்ளானில் பழைய ஜீப்பு என்றால் தம்புசாமி பட்டறைதான். சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயரால் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

"பின்னால டிஃபரன்ஷல் போச்சு. பல்லு தேஞ்சிருக்கு, வேற போடணும்லா" என்றார்.

"போடுங்கண்ணே. வேகம் அறுபதைத் தாண்டினா யோகநாதன் ஐயா முனகுற மாதிரியே கேக்குது. காதுல பஞ்சு வெச்சிக்கிட்டு ஓட்டுறேன்" என்றான் கன்னையா. விளையாட்டுக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. "நீங்க போட்டது, இத்தனை வருசம் வந்துச்சு. அதான் வேற எங்கயும் போகலை."

யோகநாதன் யாரென்று தம்புசாமிக்குச் சொல்லத் தேவையில்லை. கேரி தீவில் ஒரு தோட்டத்துப் பெரிய கிராணி, அதாவது தலைமை எழுத்தர்; இலங்கைத் தமிழர். எழுபத்தொன்பதில் ஒரு மழை நாளில், இதே ஜீப்பு செம்பனைக் காட்டு வளைவில் திரும்பாமல் நேரே போய்க் கால்வாயில் விழுந்தது. ஓட்டிய கன்னையா நீந்திக் கரையேறினான். பக்கத்தில் இருந்த கிராணி ஏறவில்லை. சேறாக இருந்ததால் நாலு சக்கரமும் இழுக்கட்டுமென்று சின்ன லீவரைப் போட்டேன், அப்புறம் ஸ்டேரிங் சொன்னபடி கேட்கவில்லை என்று கன்னையா தலையில் அடித்துக்கொண்டு சொன்னான். யார் நம்பினார்கள்? டிரைவரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். குடித்திருப்பான் என்றது ஊர். ஒட்டுக்கடையில் தேத்தண்ணி குடித்தபடி தம்புசாமியும் ஒரு தடவை அப்படிச் சொன்னதுண்டு.

தோட்டத்து ஷெட்டில் ஒரு வருஷம் கிடந்த ஜீப்பை சோலையப்பன் என்ற குத்தகைக்காரர் வாங்கி, லைசென்ஸ் திரும்பக் கிடைத்த கன்னையாவையே ஓட்டவும் வைத்தார். கன்னையா ஓட்டினான். சின்ன லீவரை மட்டும் அன்றைக்குப் பிறகு அவன் தொட்டதே இல்லை. எவ்வளவு சேறானாலும் இறங்கிப் பலகை போட்டுத் தள்ளுவான்.

மறுநாள் காலை தம்புசாமி பின் அச்சில் சக்கரங்களைச் சுழற்றும் டிஃபரன்ஷலைப் பிரித்தார். உள்ளே தன் கை அடையாளம், உளியால் தட்டிய இரண்டு புள்ளிகள், அப்படியே இருந்தன. கழற்றியதைப் புதிதாக வாங்கியதன் பக்கத்தில் மேசைமேல் வைத்தார். பெரிய சக்கரமான கிரவுனில் இதற்கும் அதற்கும் முப்பத்தேழு பல். அதைச் சுழற்றும் சின்னச் சக்கரமான பினியனைத் துணியால் துடைத்து எண்ணினார். புதியதில் ஒன்பது. பழையதில் பத்து.

திரும்ப எண்ணினார். பத்துதான்.

புதியதை விற்ற கடைக்காரன்தான் மாற்றிக் கொடுத்திருக்க வேண்டும் என்று அவசர அவசரமாக முன்பக்கத்தைத் தூக்கி, சக்கரங்களைச் சுழற்றி, ஒரு சுற்றுக்குத் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று கணக்குப் பார்த்தார். முன்னாலும் ஒன்பதுதான்.  அந்த எழுபத்தொன்பதில், விபத்துக்கு முன்பு, தைப்பூசத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், பழைய இரும்புக் கடையிலிருந்து வந்த டிஃபரன்ஷலில் பெரிய சக்கரத்தை எண்ணினார், சரியாக இருந்தது, சின்னதை எண்ணாமல் மூடிவிட்டார். சாதாரணமாக ஓட்டினால் ஒன்றும் தெரியாது. சின்ன லீவரைப் போட்டால் முன் சக்கரம் ஒரு வேகம், பின் சக்கரம் ஒரு வேகம். சேற்று வளைவில் பின்னது தள்ளும், முன்னது திரும்பாது.

ஒரே ஒரு பல். அவன் பயந்து லீவரைத் தொடாமலிருந்ததால்தான் இத்தனை வருஷம் அது வெளியே வரவில்லை.

வாயைத் திறக்க வேண்டாம் என்று தம்புசாமி முடிவு செய்தார். செத்தவர் வரப்போவதில்லை, இனிமேல் வண்டி சரியாக ஓடும், அது போதாதா? சொன்னால் இந்தப் பட்டறையும் பெயரும் என்னாவது? இப்படியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொன்னபடி புதியதை மாட்டி முடித்தார். பழைய பினியனைச் சாக்கில் சுற்றி சீட்டுக்கடியில் வைத்தார். வழியில் எங்காவது தண்ணீரில் எறிந்துவிடலாம்.

பிற்பகலில் கன்னையாவை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தார். ஊளை போய்விட்டது. கன்னையா காதுப் பஞ்சை எடுத்துவிட்டு, நம்பாதவன்போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே வந்தான். செம்பனைத் தோட்டத்துச் சேற்றுப் பாதை வந்ததும், "சின்ன லீவரைப் போடு" என்றார் தம்புசாமி.

"வேணாண்ணே."

"போடு கன்னையா. நான் இருக்கேன்."

 போட்டான். அடுத்த வளைவில் ஜீப்பு, சொல் கேட்கிற பிள்ளையாக, பதவிசாகத் திரும்பியது. தம்புசாமிக்கு மூச்சு வந்தது. அவன் சந்தோஷப்படுவான் என்று நினைத்தார்.

கன்னையா வண்டியை ஓரங்கட்டினான். ஸ்டேரிங்கிலேயே நெற்றியை வைத்துக்கொண்டான்.

"திரும்புதேண்ணே. நல்லாத் திரும்புதே. அப்ப அன்னைக்கு நான்தான். லீவரு மேல பழி போட்டுப் பொய் சொல்லிருக்கேன். ஐயாவ நான்தாண்ணே கொன்னுட்டேன்."

பாதையோரக் கால்வாயில் கறுப்புத் தண்ணீர் அசையாமல் நின்றது. எறிய வேண்டிய இடம் அதுதான். தம்புசாமி சீட்டுக்கடியில் கைவிட்டுச் சாக்கை எடுத்தார், பிரித்தார், பினியனைக் கன்னையாவின் மடியில் வைத்தார்.

"எண்ணு" என்றார்.  "ஒம்போது இருக்கணும்."

கன்னையா விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். பத்தாவது பல்லில் விரல் நின்றுவிட்டது. தம்புசாமி எல்லாவற்றையும் சொன்னார், ஒட்டுக்கடையில் பேசியது உட்பட. அடிப்பான் என்று காத்திருந்தார். அடித்தால் தேவலை என்றிருந்தது. அவன் அடிக்கவில்லை.

"வருசா வருசம் ஐயா திவசத்துக்கு பிரிக்பீல்ட்ஸ்ல அவங்க வீட்டுக்குப் போவேண்ணே. அந்தம்மா கதவைத் திறக்க மாட்டாங்க. கேட்டுக்கு வெளிய நின்னு கும்பிட்டுட்டு வந்துருவேன்" என்றான். அப்புறம் ஜீப்பைக் கிளப்பினான். எங்கே என்று தம்புசாமி கேட்கவில்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலம் தாண்டும்போது முள் எண்பதில் நின்றது. வண்டி சத்தமில்லாமல் ஓடியது. தம்புசாமியின் காதில் மட்டும் அந்த முனகல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

பிரிக்பீல்ட்ஸ் சந்தில் அந்த வீட்டுக் கதவு திறந்திருந்தது. யோகநாதனின் மனைவி குணபூசணி வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கேட்டருகே கன்னையாவைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தார்.

"சத்தமே கேக்கேல்லை" என்றார். "உன்ர ஜீப்புச் சத்தம் தெருமுனையில கேட்டாலே நான் கதவைச் சாத்திப்போடுவன்."

கன்னையா கும்பிடவில்லை. நகர்ந்து பின்னால் நின்றவருக்கு வழி விட்டான்.

தம்புசாமி சாக்கைப் பிரித்தார்.

"இது நான் போட்டதும்மா" என்றார்.