நகராத வீடு

ஊர் மன்றத்தில் கை தூக்கியவர்கள் மூன்று பேர், தூக்காதவர்கள் மூன்று பேர். எல்லோரும் மேயர் எலியாஸ் பென்ரோஸின் முகத்தைப் பார்த்தார்கள். ரயில்பாதை ஊரை விட்டுத் தெற்கே தள்ளிப் போகிறது என்பது உறுதியாகிவிட்டது. ஊரையே பெயர்த்துக்கொண்டு ரயிலடிக்குப் போவதா, இங்கேயே கிடந்து காய்வதா என்பதுதான் பேச்சு. அந்த டகோட்டா புல்வெளியில் இருந்தவை எல்லாம் பலகை வீடுகள். அடியில் சறுக்குக்கட்டை கொடுத்துக் குதிரைகளைப் பூட்டினால், உறைந்த தரையில் போய்விடும். எலியாஸின் வீடு ஒன்றுதான் கல் வீடு.

"போவோம்" என்றார் எலியாஸ்.

அந்த ஊருக்கு முதலில் வந்து சேர்ந்த கொத்தனார் அவர். ஊரின் கிணறுகளுக்கு உள்சுவர் எழுப்பியதும், பள்ளிக்கூடத்துக்கு அடித்தளம் போட்டதும் அவர்தான். அவருடைய வீட்டுக்கு அவர் மனைவி லவ்டே குளிரில் சுண்ணாம்பு குழைத்துக் கொடுத்தாள். அவள் இறந்துபோன பிறகு இரவுச் சாப்பாடெல்லாம் பக்கத்து வீட்டில், கொல்லன் ஒட்டோ லிண்ட்னரின் மேஜையில்தான்.

கூட்டம் முடிந்ததும் மன்ற வாசலில் ஒட்டோ அவர் கோட்டைப் பிடித்து இழுத்தான்.

"யோவ், கிறுக்கா உனக்கு? நான் யாருக்காகக் கை தூக்காம உக்காந்திருந்தேன்? உன் வீட்ட எப்படிய்யா இழுத்துட்டுப் போவ?"

"குதிர வராத ஊருல நீ யாருக்கு லாடம் அடிப்ப?"

"அது என் கவல."

"அஞ்சு பிள்ளைங்கள வச்சுக்கிட்டுப் பேசுற பேச்சாய்யா இது?"

அதற்குப் பிறகு ஒட்டோ அவரிடம் பேசவில்லை. அவன் மனைவி மாக்தா வழக்கம்போல் தட்டு வைத்தாள். ஒட்டோ மட்டும் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். எலியாஸும் போவதை நிறுத்தவில்லை. பேசாத ஒட்டோவின் முதுகாவது எதிரில் இருந்ததே.

தரை இறுகியதும் வீடுகள் கிளம்பின. ஒவ்வொன்றுக்கும் முன்னால் எலியாஸ் நடந்தார். ஓடைப் பனியைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்து, மேடு பள்ளம் பார்த்துக் கை காட்டினார். மளிகைக் கடை போயிற்று. தேவாலயம் மணியோடு போயிற்று. அதன் பின்னால் இருந்த கல்லறைகளை யாரும் தீர்மானத்தில் சேர்த்திருக்கவில்லை. ஒவ்வொருவரும் அவர் கையைக் குலுக்கி, "நீங்க இல்லேன்னா நடந்திருக்காது மேயரையா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்ட ஒட்டோவின் வீடுதான் கடைசி. மாக்தா அடுப்பைக்கூட அணைக்கவில்லை. வீடு புகை விட்டுக்கொண்டே நகர்ந்தது. ஜன்னலைத் திறந்து அவள் கூப்பிட்டாள்.

"அண்ணே, சூப்பு கொதிக்குது. ஏறி வந்து உக்காருங்க."

"குதிரைங்க பாவம்மா. இருக்கிற பாரம் போதாதா?"

கடிவாளத்தைப் பிடித்து நடந்துகொண்டிருந்த ஒட்டோ, திரும்பிப் பார்க்காமலே வாயைத் திறந்தான்.

"அங்க மன்றத்து மாடியில உனக்கு ஒரு அறை போட்டு வச்சிருக்கோம். வந்துரு."

"பனி உருகட்டும்."

"உருகினா வருவியா?"

எலியாஸ் கடப்பாரையை முன்னால் நீட்டிக் காட்டினார். "எடப்பக்கம் இழுத்துப் புடி. அங்க பள்ளம் இருக்கு" என்றார்.

ஒட்டோ இடப்பக்கம் இழுத்துப் பிடித்தான். ஓடை தாண்டியதும் எலியாஸ் நின்றுகொண்டார். வீடு நிற்காமல் போயிற்று. பிள்ளைகள் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு கையாட்டினார்கள். புகைபோக்கி மேட்டுக்கு அப்பால் இறங்கும்வரை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

தெரு இருந்த இடத்தில் நடந்தார். வீடுகள் நின்ற இடமெல்லாம் பனியில்லாமல், சதுரம் சதுரமாக வெளிறிய புல். தன் கதவைத் திறந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். இத்தனை வருஷம் ஒட்டோ வீட்டுச் சுவர் மறைத்திருந்த மேற்கு ஜன்னல் வழியாகச் சாயங்கால வெயில் நேராக உள்ளே வந்திருந்தது. தரையைக் கடந்து, மேஜைக் கால்களைக் கடந்து, கட்டிலில் லவ்டே படுக்கும் பக்கம்வரை நீண்டு கிடந்தது. அவர் கோட்டைக் கழற்றவில்லை. வெயிலை மிதிக்காமல், சுவரோரமாகவே நடந்து உள்ளே போனார்.