நாலாவது கிலோமீட்டரில் வலது பக்கம்

டிரைவிங் ஸ்கூல் டீச்சர் நாற்பத்தாறு வயதில் ஓட ஆரம்பித்ததற்குக் காரணம் உடம்பின் மேல் வந்த அக்கறை இல்லை. ஒரு பல் டாக்டர்.

அந்தப் பல் டாக்டர் அவளிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். ஒருநாள் டீச்சர் இறங்கி டயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஹேண்ட்பிரேக் போடாத வண்டி சரிவில் மெல்ல உருள ஆரம்பித்தது. டீச்சர் பின்னால் ஓடினாள். முப்பது அடிதான். அதற்குள் கண் இருட்டி, விளக்குக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். வண்டி தானாகவே ஒரு மணல் குவியலில் முட்டி நின்றது. பல் டாக்டர் கண்ணாடியை இறக்கி, "டீச்சர், என்னாச்சு? தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். கொலை முயற்சி செய்தவளே முதலுதவிக்கும் வந்தால் யாருக்குத்தான் ரோஷம் வராது?

மறுநாள் காலை நாத்தனாரோடு ஓடப் போனாள். நாத்தனார் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். நான்கு வருடமாக ஓடுகிறாள், நான்கு வருடமாக அதைப் பற்றி மட்டுமே பேசுகிறாள். ஆறு மாதம் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டே ஓடியதில் டீச்சருக்கு மூச்சும் வளர்ந்தது, பொறுமையும் வளர்ந்தது. பத்து கிலோமீட்டர் பந்தயத்துக்கு நாத்தனாரே இருவர் பெயரையும் பதிந்துவிட்டாள்.

பந்தய நாள் காலை ஐந்தரை மணி. மைதானம் முழுக்கப் பெரிய மனிதர்கள் மரங்களைத் தள்ளிக்கொண்டு நின்றார்கள். கேட்டால் தசையைத் தளர்த்துகிறார்களாம். கழிவறை வரிசையில் இருந்த பதற்றம் பந்தய வரிசையில் இல்லை. பத்து கிலோமீட்டர்காரர்களுக்கு நெஞ்சில் பச்சை எண், இருபத்தொரு கிலோமீட்டர்காரர்களுக்கு நீலம். எல்லோரையும் ஒன்றாகவே அவிழ்த்துவிட்டார்கள். நாத்தனார் முதல் நிமிடத்திலேயே, "அண்ணி, மெதுவா வாங்க, அவசரமே இல்ல" என்று சொல்லிவிட்டு அம்பாகப் பறந்தாள்.

இரண்டாவது கிலோமீட்டரில் பக்கத்தில் ஒரு தெரிந்த முகம் புஸ் புஸ்ஸென்று வந்தது. லைசென்ஸ் ஆபீஸ் இன்ஸ்பெக்டர். லைசென்ஸ் தேர்வில் பின்பக்கமாக வண்டி எடுக்கும் இடத்தில் பாதிப் பேரைக் கவிழ்த்துவிடுவார் என்பதால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'ரிவர்ஸ்'. அலுவலகத்தில் இஸ்திரி போட்ட சட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பவர், இங்கே அரைக்கால் சட்டையில் இருந்தார். பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டதுபோல இருவரும் ஒரு நிமிடம் கூச்சப்பட்டார்கள்.

கூச்சம் போனதும் டீச்சர் ஆரம்பித்தாள். "சார், அந்தத் தையல்காரம்மாவ மூணு தடவ ஃபெயில் பண்ணீங்களே, ஞாபகம் இருக்கா?"

"கோட்ட மிதிச்சாங்க மேடம்."

"அரை இஞ்ச்!"

"கோடுன்னா கோடுதான்."

"தெருவுல கோடு போட்டா வண்டி நிறுத்துறாங்க? நீங்க எங்க சார் நிறுத்துறீங்க?"

"எனக்கு ஆபீஸ் ஷெட்டு இருக்கு."

இப்படியே சண்டை சுவாரசியமாகப் போனது. தையல்காரம்மாவிலிருந்து அவளுடைய தங்கச்சி வீட்டுக்காரர், அங்கிருந்து மஞ்சள் விளக்கில் போகலாமா கூடாதா என்று வளர்ந்து, கால் வலியே தெரியவில்லை. இடையில் ஒரு பெட்ரோல் பங்க் வந்தது, போனது. பச்சை அம்பு போட்ட ஒரு பெரிய பலகையும் வந்தது. அதுவும் போனது.

எட்டாவது கிலோமீட்டர் பலகையைப் பார்த்ததும் டீச்சருக்கு உற்சாகம் பொங்கியது. "அவ்வளவுதான், இன்னும் ரெண்டு!"

ரிவர்ஸ் எச்சில் விழுங்கினார். "பதிமூணு."

"என்னது?"

"பத்துக்காரங்க நாலாவது கிலோமீட்டர்லயே பங்க் பக்கத்துல வலது பக்கம் திரும்பிட்டாங்க மேடம். இது இருபத்தொண்ணோட ரூட்டு."

டீச்சர் தன் நெஞ்சைப் பார்த்தாள். பச்சை. முன்னால் போகிற முதுகுகளைப் பார்த்தாள். திரும்பிப் பார்த்தாள். பின்னால் வருகிறவர்கள் எல்லோர் நெஞ்சிலும் நீலம். பதினெட்டு வருடமாக, "பலகையப் பாரு, பலகையப் பாரு" என்று தொண்டை கிழியக் கத்தியவள் அவள்.

"என் நம்பர நீங்க பாக்கலையா?"

"பாத்தேன்."

"எப்போ?"

"ஆரம்பத்துலயே."

"அப்புறம் ஏன் சார் சொல்லல?"

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே ஓடினார். "ரெண்டு வருஷமா இதே ரேஸ்ல பன்னெண்டாவது கிலோமீட்டர்ல உக்காந்துடுறேன். தனியா ஓடினா உக்காந்துடுவேன். நீங்க பேசிட்டே வந்தீங்க, நல்லா இருந்துச்சு. அதான்..."

டீச்சர் கணக்குப் போட்டாள். திரும்பினால் பங்க் வரை நாலு, அங்கிருந்து ஆறு, ஆக பத்து. போனால் பதிமூன்று. அவள் திரும்பியிருப்பாள். ஆனால் சாலையின் நடுவே தடுப்பு, எதிரே நூற்றுக்கணக்கில் ஆட்கள். ஒருவழிப் பாதையில் எதிர்த் திசையில் போவதா? அதுவும் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் கண்ணெதிரே? செத்தாலும் மாட்டாள்.

எனவே அவரைத் திட்டிக்கொண்டே முன்னால் ஓடினாள். ஒன்பதாவது கிலோமீட்டரில் முழு வாக்கியங்களாகத் திட்டினாள். பத்தாவதில் எழுவாய் உதிர்ந்தது. பதினொன்றில் "சே", "மனுஷனா", "அரைக்கால்" என்று ஒற்றைச் சொற்கள் மட்டும் மிஞ்சின. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கூட ஓடினார். முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது.

பன்னிரண்டாவது கிலோமீட்டரில் மேம்பாலம். ஏற்றத்தின் பாதியில் ரிவர்ஸ் சொன்ன சொல் தவறாமல் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். டீச்சர் அவரைத் தாண்டிப் பத்தடி போய்விட்டாள். விட்டுவிட்டுப் போக அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் ஏற்றத்தில் ஆஃப் ஆகி நிற்கும் வண்டியை விட்டுப் போய் அவளுக்குப் பழக்கமில்லை.

"எந்திரிங்க."

"முடியல மேடம்."

"உங்கள முடியுமான்னு கேக்கல. எந்திரிங்க. ஃபர்ஸ்ட் கியர் போதும். தரையப் பாக்காதீங்க, முன்னாடி பாருங்க. ம்... மெதுவா. பின்னாடி உருளக் கூடாது."

அவர் எழுந்தார். புதிதாகக் கற்றுக்கொள்பவனின் முகத்தோடு, குட்டிக் குட்டி அடியாக ஏறினார். பாலத்தின் உச்சியில் நின்று, "வந்துட்டனா?" என்று கேட்டார். டீச்சர், "பேச்சக் கொறைங்க" என்றாள்.

பதினெட்டாவதில் அவளுடைய முறை வந்தது. இடது கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. நடுரோட்டில் நின்று ஊரில் உள்ள எல்லா வசவையும் வைதாள். ரிவர்ஸ் குனிந்து, அவள் காலை நீட்டிப் பிடித்து, பாதத்தை மேலே தள்ளினார். எத்தனையோ பேர் தன் காலில் விழுவார்கள் என்று அவள் எதிர்பார்த்ததுண்டு. இந்த ஆள் பட்டியலில் இல்லை. பிறகு இருவரும் நடந்தார்கள், கொஞ்சம் ஓடினார்கள், மறுபடி நடந்தார்கள்.

மூன்று மணி இருபத்தைந்து நிமிடத்தில் போய்ச் சேர்ந்தபோது, முடிவுக்கோட்டின் காற்றடைத்த வளைவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அது தலைமேல் தொங்கியதால் இருவரும் குனிந்து நுழைந்தார்கள். மெடல் மேசையில் இருந்த அம்மாள் ரிவர்ஸ் கழுத்தில் ஒன்றை மாட்டினாள். டீச்சரைப் பார்த்து, "பச்சைக்குப் பத்துதாங்க. பத்து மெடல் எல்லாம் தீந்துடுச்சு" என்றாள்.

"நான் இருபத்தொண்ணு ஓடியிருக்கேன்மா! இவரையே கேளுங்க."

ரிவர்ஸ் நிமிர்ந்தார். பழைய இஸ்திரி முகம் திரும்பியிருந்தது. "ஓடினது உண்மை. ஆனா ரூல்ஸ்படி பாத்தா, இவங்க பதிஞ்ச பிரிவு வேற. செல்லாது."

டீச்சர் பார்த்த பார்வையில் மேசைமேல் இருந்த வாழைப்பழம் கறுத்திருக்க வேண்டும். அவர் அவசரமாகத் தன் மெடலைக் கழற்றி நீட்டினார். "வேணும்னா... இத வெச்சுக்கங்க." 'ஐயோ, வேண்டாம் சார், அது உங்களோடது' என்பாள் என எதிர்பார்த்திருப்பார் போல. அவள் வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

அப்போது நாத்தனார் ஓடி வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. "அண்ணி! ரெண்டு மணி நேரமா தேடுறேன்! நாலு ஆஸ்பத்திரிக்கு ஃபோன் பண்ணிட்டேன்! அண்ணன்கிட்ட என்ன சொல்றதுன்னு..."

"இருபத்தொண்ணு ஓடினேன்."

நாத்தனார் வாயை மூடினாள். நான்கு வருடத்தில் அவள் ஓடிய அதிகபட்சமே பத்துதான். "யாரு அண்ணி உங்கள ஓடச் சொன்னா?" என்றாள் கடைசியில், எரிச்சலாக.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை லைசென்ஸ் ஆபீஸில், படிக்கட்டில் டீச்சர் பக்கவாட்டில் நண்டுபோல ஏறினாள். மேலிருந்து ரிவர்ஸ் அதே நடையில் இறங்கினார். நடுப்படியில் இருவரும் கைப்பிடியைப் பிடித்து நின்றார்கள்.

"மேடம், அடுத்த மாசம் ஒண்ணு இருக்கு."

"எவ்வளவு தூரம்?"

"பத்துதான்."

டீச்சர் யோசித்தாள். "ஃபாரத்த என்கிட்ட குடுங்க. நான் படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."