இடது கன்னம்

“சிரிங்க அங்கிள்,” என்றாள் இசைப்பிரியா. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து ஸ்கூட்டியில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து, என் வீட்டுக்காரருக்குப் பிசியோதெரபி செய்கிற பெண். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு இடது கன்னம் தொங்கிக் கிடக்கிறது. சிரித்தார். வலப்பக்க உதடு மட்டும் மேலே போனது.

“இந்தத் தசை கன்னத்து எலும்புல ஆரம்பிச்சு உதட்டோரத்துல முடியுது ஆன்ட்டி. சுருங்கினா உதட்ட மேல இழுக்கும். அது சாகல. சிரிக்கணும்னு மூளை சொல்றதுதான் போய்ச் சேரல. ஆனா மனசுலேருந்து தானா வர்ற சிரிப்புக்கு வேற பாதை. அது வந்தா ரெண்டு பக்கமும் தூக்கும். அங்கிள சிரிக்க வைங்க. தசை வேல செஞ்சிக்கினே இருக்கணும், இல்லன்னா இளைச்சுப்பூடும்.”

இது ஒரு பெரிய காரியமா என்று நினைத்தேன். எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் நடந்த கூத்தையெல்லாம் சொன்னேன். அவருடைய ஷிப்ட் இன்சார்ஜ் மாதிரி நடந்து காட்டினேன். பாதி முகம்தான் சிரித்தது. மரியாதைக்குச் சிரிக்கிற பாதி.

கமலா அக்காவுக்குப் படையல் போடும் நாள் வந்தது. அவள் இறந்த மறுவருஷம் அவள் இடத்துக்கு என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். எனக்குப் புதுப்புடவை எடுத்தால் முதலில் அவள் படத்துக்கு வைத்துவிட்டுத்தான் கட்டுவேன். பூவும் அப்படியே. அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. படத்தைத் துடைக்க எடுத்துக்கொண்டு அவர் நாற்காலியைத் தாண்டினேன்.

இடது கன்னம் ஏறியது. முழு முகமும் சிரித்தது.

“படத்தப் பாத்து சிரிக்கத் தெரியுது, எதிர்ல நிக்கிற மனுஷி தெரியலியா?” என்று கத்திவிட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அப்படியானால் இத்தனை வருஷமும் எனக்குக் கிடைத்ததெல்லாம் மூளை சொல்லி வந்த சிரிப்புதானா? இந்த வீட்டில் மூன்று பேர் குடியிருக்கிறோம் என்று அன்றுதான் உறைத்தது.

மறுநாள் இசைப்பிரியா அவர் எதிரே உட்கார்ந்து கன்னத்தை நீவிக்கொண்டிருந்தாள். என்ன தோன்றியதோ, நான் நாற்காலிக்குப் பின்னால் நின்று, “லிங்கு,” என்றேன். ராமலிங்கம் என்கிற அவர் பெயரை அக்கா மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவாள். எங்கள் இருவருக்கும் ஒரே குரல் என்று அம்மா சொல்வாள். என் தொண்டையிலிருந்து அவள்தான் வந்தாள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

“ஆன்ட்டி, ரெண்டு பக்கமும் தூக்குது!”

ஓடி முன்னால் வந்தேன். என்னைப் பார்த்ததும் இடது கன்னம் மெல்ல இறங்கியது. வலப்பக்கம் மட்டும் எனக்காக நின்றது.

“தெனமும் இப்பிடியே கூப்புடுங்க. கொஞ்சங்கொஞ்சமா தேறிடும். அப்பறம் யாரப் பாத்தாலும் முழுசா சிரிப்பாரு, முன்ன மாதிரியே.”

முன்ன மாதிரியே. என்னைப் பார்த்தும் இரண்டு கன்னமும் ஏறும். எந்தச் சிரிப்பு எனக்கு, எது அவளுக்கு என்று அப்போது தெரியாது. அது தெரியாமல் இருந்தால் போதும் எனக்கு.

திரும்ப நாற்காலிக்குப் பின்னால் போனேன். அக்காவைக் கூப்பிட்டு, என் தொண்டையிலிருந்து அவரை “லிங்கு” என்று கூப்பிட வைத்தேன்.