ஆரஞ்சு மயில்

என் மகள் பிரீத்திகா ஞாயிற்றுக்கிழமை குப்பை பொறுக்கக் கண்மாய்க்குள் இறங்கினால், திருத்தங்கல் அச்சகக்காரர்களுக்கெல்லாம் கிலி பிடித்துவிடும். குப்பையில் கிடக்கிற காலண்டர் தாளை எடுத்து, அதிலுள்ள கடைப் பெயரை இன்ஸ்டாகிராம் லைவில் வாசிப்பாள். பார்ப்பவர்களில் யாராவது அந்தக் கடைக்காரரை விசாரித்து, அடித்துக் கொடுத்த அச்சகத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் முதலாளி டிராக்டரோடு வந்து அள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

நானும் அச்சகக்காரன்தான். காலண்டர் சீசன் என்பதால் ஞாயிறும் வேலை உண்டு. லைவை ஆபீஸ் டிவியில் போட்டு, அடுத்தவன் மாட்டும்போது வேலையாட்களோடு சேர்ந்து சிரிப்பேன். பொய் சொல்வானேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

போன ஞாயிறு அவள் கையில் ஒரு முருகன் படம் சிக்கியது. அதில் மயில் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. நீல மை ஓடாமல் கெட்டுப்போன என் லோடு அது. பிளாஸ்டிக் தாள் என்பதால் பழைய பேப்பர்காரர் எடுக்கவில்லை. "எங்கனயாச்சும் கொட்டிட்டு வாய்யா" என்று வண்டிக்காரரை அனுப்பியது நான்தான். எங்கே கொட்டினார் என்று நான் கேட்கவேயில்லை.

கடைப் பெயரைக் கடைசியில்தான் அடிப்போம். அதனால் அந்தத் தாளில் பெயர் கிடையாது, ஒருவராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த மயிலைச் சொல்லி வீட்டில் ஒரு வாரம் என்னைக் கேலி செய்தவளே பிரீத்திகாதான்.

அவள் மயிலையே உற்றுப் பார்த்தாள். 'யாரோடது?' என்று கமெண்ட்டுகள் குவிந்தன. தூரப் போடு தாயி என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் மெல்ல அந்தத் தாளை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். யாருக்கும் பயப்படாத பிள்ளை எனக்காகத் திருட்டு முழி முழித்ததை என்னால் தாங்க முடியவில்லை. போனை எடுத்தேன்.

"மொதலாளி, வேணாம். ஊரே பாக்குது," என்றாள் பைண்டிங் செல்லக்கனி.

"பாக்கட்டும்."

"ஸ்பீக்கர்ல போடு தாயி," என்றேன். பிரீத்திகா போட்டாள்.

"தாயி, ஒளிக்காத. அது நம்ம பிரஸ்ஸுத் தாளுதேன். நாந்தேன் கொட்டச் சொன்னேன்."

அவள் கேமரா பிடித்திருந்த தோழி ஆர்த்தியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, தாளை முன்னால் நீட்டிக் காட்டினாள்.

"ரொம்ப நன்றிங்க சார். எப்ப வந்து அள்ளுவீக?"

பெற்ற அப்பன் சாராம்! வேலையாட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, கண்ணிலும் தண்ணீர். என் பிள்ளை, என் பிள்ளை என்று கத்த வேண்டும்போல் இருந்தது.

"இந்தா கெளம்பிட்டேன் மேடம்," என்றேன்.