இரும்புக்கால் ஜெயசீலன்

மரக்காணம் உப்பளத்தில் காலில் ஒரு கீறல் இருந்தால் போதும், பாத்தித் தண்ணீரில் இறங்கியதும் உயிர் போய் உயிர் வரும். பெரிய மீசைக்காரர்களே "அம்மாடி" என்று துள்ளிக் கரையேறுவார்கள். ஜெயசீலன் மட்டும் வெடித்த பாதத்தோடு சாலையில் நடப்பதுபோல் நடந்து உப்பு வாருவான். அதனால் அவனுக்கு 'இரும்புக்கால்' என்று பெயர். அதே உப்பளத்தில் உப்பு சுமக்கும் அவன் மனைவி சுலோசனாவுக்கு அதில் கொள்ளைப் பெருமை.

2005 பங்குனியில் ஒரு நாள், அவன் நடந்த இடமெல்லாம் தண்ணீர் சிவந்தது. உள்ளங்காலில் கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது. அவனுக்குத் தெரியவே இல்லை.

"பாத்தீங்களா, எங்க அண்ணன் மனுசனே இல்ல!" என்று கூட வேலை செய்யும் கண்ணாயிரம் கை தட்டினான். எல்லோரும் வாய் பிளந்தார்கள். சில்லைப் பிடுங்கியபோதும் அவன் முகம் சுளிக்காததைப் பார்த்த சுலோசனா, ஊசி போட வேண்டுமென்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு இழுத்துப் போனாள்.

காயத்தைக் கட்டிய டாக்டரம்மா அவன் முதுகைக் கவனித்தார். வெளுத்த படை ஒன்று. சுற்றிலும் வியர்வை வழிய, அந்த இடம் மட்டும் காய்ந்து கிடந்தது.

"கண்ண மூடிக்குங்க. பேனா எங்க படுதுன்னு சொல்லுங்க."

தோளில் பட்டது, சொன்னான். கழுத்தில் பட்டது, சொன்னான். பிறகு பேனா அந்தப் படையை அழுத்திக்கொண்டு நின்றது.

"எப்பம்மா தொடுவீங்க?" என்றான்.

சுலோசனாவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. சொந்த உடம்பின் ஒரு பகுதி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடுமா!

"தொழுநோய்ங்க. பயப்படாதீங்க, இது கிருமி. வருஷக்கணக்கா உடம்புல ஒளிஞ்சிருந்து நரம்ப மரத்துப்போக வைக்கும். முக்காவாசிப் பேருக்கு மேல ஒட்டவே ஒட்டாது. மாத்திரை இலவசம், ஒரு வருஷம் விடாம சாப்பிட்டா குணமாயிடும். வலி தெரியாத கால கண்ணாலதான் காக்கணும். செருப்பில்லாம நடக்காதீங்க."

வெளியே வந்ததும் ஜெயசீலன், "யார்கிட்டயும் சொல்லாத. தண்ணிக் குடத்த தொட விடமாட்டானுங்க" என்றான்.

காயம் ஆறி, செருப்போடு உப்பளம் வந்தவனைப் பார்த்துக் கண்ணாயிரம் சிரித்தான். "இரும்புக்காலுக்கு எதுக்குண்ணே செருப்பு? கழட்டிட்டு எறங்கு!"

எல்லோரும் கூச்சலிட்டார்கள். வீம்பில் ஒரு செருப்பைக் கழற்றியேவிட்டான். இன்னொரு காயம் பட்டால் காலே போய்விடுமே என்று சுலோசனா துடித்தாள். அவள் முகத்தைப் பார்த்தவன், கழற்றியதை மறுபடி மாட்டிக்கொண்டான்.

"இது இரும்பு இல்லப்பா. எனக்குத் தொழுநோய். கால்ல உணர்ச்சி செத்துப்போச்சு. மாத்திரை சாப்புடுறேன்."

யாரோ குடத்தை நகர்த்திவைத்தார்கள். சுலோசனாவோ புருஷனை அண்ணாந்து பார்த்தாள். இத்தனை தைரியம் இவருக்குள் எங்கே இருந்தது?

கண்ணாயிரம் சட்டைக் கையை மெல்லச் சுருட்டினான். முழங்கைக்கு மேல் வெளுத்த படை.

"அண்ணே... இதுல கிள்ளினாலும் எனக்குத் தெரியறதில்ல. தேமல்னு இருந்துட்டேன்."

ஜெயசீலன் அவன் தோளில் கைபோட்டான். "வா, இப்பவே போவலாம். இந்த நோயில வெக்கப்பட ஒண்ணுமில்லடா. வெக்கப்பட்டு மறைச்சோம் பாரு, அதுதான் கையையும் காலையும் தின்னுடும்."