படம் உள்ளே, ஆள் வெளியே

கோல்ஃப் ஆடுவதையே தொழிலாக வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று அந்த ஊரில் முதலில் சொன்ன பெண் அவள்தான். மாமியார் தலையில் அடித்துக்கொண்டார். "பந்தைக் குழியில தள்ளுறதெல்லாம் ஒரு வேலையா? அந்தக் குழியாவது பக்கத்துல இருக்குதா?"

ஊர் கோல்ஃப் கிளப்பில் இருந்தவர்கள் நாகரிகம் தெரிந்தவர்கள். கைதட்டினார்கள். தட்டி முடித்ததும், ஆண்கள் வருவதற்குள் ஆடிவிட்டுக் கிளம்பிவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். விடிகாலைப் பனி ஈரத்திலேயே ஆடிப் பழகி, சில வருடங்களில் வெளிநாட்டுக் கோப்பையோடு வந்து இறங்கினாள். விமான நிலையத்தில் மாலையும் கையுமாக முதல் ஆளாய் நின்றவர் கிளப் தலைவர். அதுவரை "அந்தம்மா" என்றே குறிப்பிட்டுவந்தவர், கேமராவைப் பார்த்ததும் "நம்ம பொண்ணு!" என்றார்.

கிளப்பின் பெரிய கூடத்தில் அவள் படத்தை மாட்டுவதென்று முடிவாயிற்று. திறப்பு விழாவுக்கு மாமியாரோடு போனாள். செயலாளர் வாசலிலேயே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம். கூடத்துக்குள்ள லேடீஸ் வரக்கூடாது. ஆரம்பத்துலேருந்தே விதி."

"என் படம் உள்ளதானே இருக்கு?"

"படம் வரலாம் மேடம். அதைப் பத்தி விதியில ஒண்ணும் இல்ல."

அதற்கும் வழி செய்திருந்தார்கள். படத்தை மூடியிருந்த திரையில் கட்டிய கயிற்றை ஜன்னல் வழியாக வராந்தாவுக்கு விட்டிருந்தார்கள். வெளியே நின்று அவள் இழுத்தால் உள்ளே திரை விலகும். தன் மூளையில் உதித்த யோசனை என்று தலைவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாமியார் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "ஏம்மா, தண்ணி சேந்தவா நம்மளக் கூப்பிட்டாங்க?"

அவள் இழுக்கவில்லை. கயிற்றை ஜன்னல் கம்பியில் இறுக்கிக் கட்டினாள். பக்கத்தில் நின்ற நிருபரிடம், "திரை மூடியே இருக்கட்டும் சார். உள்ள ஒரு பொம்பள மூஞ்சி தெரிஞ்சா பாவம், இவங்களுக்குச் சோறு இறங்காது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் பத்திரிகையில் கயிறு பெரிதாக வந்தது. கிளப்பின் அடுத்த போட்டியை நடத்தித் தருவதாக இருந்த நிறுவனம் மெல்ல நழுவியது. விதி ஒரே வாரத்தில் உயிரை விட்டது. தலைவர் மறுபடியும் விழா எடுத்து, "பெண்களுக்கு இந்தக் கதவைத் திறப்பதே என் வாழ்நாள் போராட்டம்" என்று கண்கலங்கினார்.

அவள் உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்தாள். பஞ்சு பிதுங்கிய சோபாக்கள். ஓடாத மின்விசிறி. ஈரக் காலுறை நாற்றம். பக்கத்தில் நின்ற தலைவரின் மனைவிக்கும் அன்றுதான் முதல் தரிசனம். அந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

"இங்க வந்து உக்காரவா இந்த மனுஷன் தினமும் வீட்டைவிட்டு ஓடி வந்தாரு?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தலைவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, பேச்சை இன்னும் நீட்டினார்.