பத்து நாளைக்கான அளவு

தவீரா ஊர்மன்றக் கூடத்தில் அன்று மாலை உட்கார இடமில்லை. போதை மருந்தைச் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாக வைத்திருப்பவனை இனிமேல் ஜெயிலில் போடக்கூடாது என்று சட்டம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு அது பிடிக்கவில்லை. மீதிப் பேருக்கு அது என்னவென்றே புரியவில்லை. விளக்கிச் சொல்வதற்காகப் பக்கத்து நகரமான ஃபாரோவிலிருந்து ஒரு வக்கீலம்மா வந்திருந்தாள்.

இதலீனா நான்காவது வரிசையில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். மாதாகோவில் பூசைக்கு எடுத்துப்போகும் கறுப்புத் தோல் பையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பைக்குள் பதினெட்டுப் பொட்டலம் ஹெராயின் இருந்தது.

இதலீனா ஒரு வியாபாரிதான், ஆனால் மீன் வியாபாரி. சந்தையில் மூன்றாவது மேடை அவளுடையது. மத்தியும் கணவாயும் விற்பாள். நேற்றைய மீனை இன்றையது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. புருஷன் பிரான்சில் கட்டட வேலை செய்கிறான், ஆகஸ்டு மாதம் மட்டும் ஊருக்கு வருவான். வீட்டில் அவளும் மகன் செல்சுவும்தான்.

செல்சுவுக்கு இருபத்தெட்டு வயது. சூரை பிடிக்கும் படகில் போய்க்கொண்டிருந்தவன், அந்தச் சனியனைப் பிடித்துக்கொண்டான். மூன்று வருஷத்துக்கு முன்னால் சட்டைப்பையில் இரண்டு பொட்டலம் இருந்ததற்காக எட்டு மாதம் உள்ளே இருந்தான். உள்ளே போகும்போது ஒரு கெட்ட பழக்கம்தான் இருந்தது. வெளியே வரும்போது ஈரலில் நோயையும் கொண்டுவந்தான். போன வருஷம் ஒரு நாள், கையில் இருந்த அத்தனையையும் ஒரே தடவையில் ஏற்றிக்கொண்டு ரயில் நிலையக் கழிப்பறையில் விழுந்து கிடந்தான். தூக்கிவந்த கையோடு இதலீனா ஒரு முடிவுக்கு வந்தாள். இவனிடம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவையும் தீர்த்துவிட்டுத்தான் ஓய்வான். அதனால் இவனிடம் இருக்கக்கூடாது.

அன்றிலிருந்து அவளே ஃபாரோவுக்கு ரயிலில் போய் வாங்கிவந்தாள். காலையில் சந்தைக்குக் கிளம்பும்முன் ஒன்று, சாயங்காலம் ஒன்று, தன் கையால் கொடுத்தாள். சிகிச்சை மையத்தில் அவன் பெயரை எழுதிவைத்திருந்தாள். அவர்கள் கூப்பிடும் வரை மகன் உயிரோடு இருக்கவேண்டும், வேறொன்றும் அவள் கேட்கவில்லை. பதினான்கு மாதம் இப்படி ஓடியது. அவன் விழவில்லை, திருடவுமில்லை.

முன்பெல்லாம் பயத்தில் இரண்டு நாளைக்கு மேல் வாங்கமாட்டாள். புதுச் சட்டத்தைப் பற்றித் தொலைக்காட்சியில், பத்து நாளைக்குத் தேவையான அளவு வரை வைத்திருந்தால் குற்றமில்லை என்று சொன்னார்கள். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவள் இதலீனா. பத்து நாளைக்கு என்றால் பத்து நாளைக்கு. நேற்றுப் போய் இருபது பொட்டலத்தை மொத்தமாக வாங்கினாள். திரும்பும்போது ரயிலில் எதிரே ஒரு போலீஸ்காரன் உட்கார்ந்திருந்தான். பதினான்கு மாதத்தில் முதல் தடவையாக அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் வைத்துவிட்டு வந்தால் செல்சு வீட்டையே பெயர்த்துவிடுவான். அதனால்தான் பையோடு கூட்டத்துக்கு வந்தாள். ஐந்து மணிக்கு ஆரம்பித்தது, அரை மணியில் முடிந்துவிடும் என்று நினைத்தாள். காப்பிக்கடை பெல்மிரு பேசப்போகிறான் என்று அவளுக்குத் தெரியாது.

பெல்மிரு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். பேச ஆரம்பித்து இருபது நிமிடம் ஆகியும் உட்காருகிற வழியாக இல்லை.

"என் கடை வாசல்லயே ஊசி போட்டுக்கிறானுங்க. முன்னாடியாவது போலீஸ் வந்தா ஓடுவானுங்க. இப்போ போலீஸுக்கு வணக்கம் சொல்லிட்டு மிச்சத்தையும் போட்டுக்கிறான். இதுக்குப் பேரு சட்டமா?"

"அனுமதின்னு யாரும் சொல்லலைங்க," என்றாள் வக்கீலம்மா ஃபிலொமேனா. "பிடிச்சா பொருளைப் பறிமுதல் பண்ணுவாங்க. ஆள் எங்க முன்னாடி வரணும். நான், ஒரு டாக்டர், ஒரு சமூக சேவகர். மூணு பேரும் உக்காந்து பேசுவோம்."

"பேசுவீங்க. குடிக்காதேன்னு என் பொண்டாட்டி முப்பது வருஷமா பேசறா. நான் விட்டுட்டேனா?"

கூடம் சிரித்தது. அவன் மனைவியும் சிரித்தாள்.

"அதுக்காக உங்களை ஜெயில்ல போட்டிருந்தா விட்டிருப்பீங்களா?" என்றாள் ஃபிலொமேனா.

இந்தச் சிரிப்பு முதல் சிரிப்பைவிடப் பெரிதாக இருந்தது. பெல்மிரு முகம் சிவந்துபோய், "வேடிக்கை பேசலாம்மா. பத்து நாளைக்கு வச்சுக்கலாம்னா அது ஒரு குட்டிக் கடை இல்லையா? எந்தப் போதைக்காரன் பத்து நாளைக்குப் பத்திரமா வச்சுப்பான்? எவனாவது ஒருத்தனைக் காட்டுங்க, இப்பவே கையெழுத்துத் தாளைக் கிழிச்சுப் போடறேன்," என்றான்.

இதலீனாவுக்கு அங்கேதான் பொறுக்கவில்லை. ஒழுங்காக வைத்துக் கொடுக்கிறவள் ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள், இவன் என்ன பெரிய நியாயம் பேசுகிறான் என்று தோன்றியது. சட்டம் தன் பக்கம் என்ற தைரியம் வேறு. எழுந்து நின்றாள்.

"வக்கீலம்மா, ஒரு சந்தேகம். அவன் வச்சுக்க மாட்டான், வாஸ்தவம். அவன் அம்மா வச்சிருந்து வேளாவேளைக்குக் குடுத்தா? அது நல்லதுதானே? சட்டமும் அதுக்குத்தானே வந்திருக்கு?"

ஃபிலொமேனாவின் கண் இதலீனாவின் முகத்தில் நின்றது, பிறகு பைக்குப் போனது. அவள் கெட்டிக்காரி, இவள் பிடித்துத் தப்பிக்க ஒரு கயிறு வீசிப் பார்த்தாள்.

"யாராவது உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்களாம்மா?"

"ஆமா. பக்கத்து வீட்டுக்காரங்க," என்றாள் இதலீனா.

"உன் பக்கத்து வீடு நான்தானே," என்றான் பெல்மிரு. இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

ஃபிலொமேனா தணிந்த குரலில் சொன்னாள்: "யாருக்காகக் கேட்டாலும் சரி, தெரிஞ்சுக்கங்க. பத்து நாள் அளவுங்கறது பயன்படுத்தறவர் தன் கையில வச்சிருந்தாத்தான். இன்னொருத்தர் வச்சிருந்து குடுத்தா அது சொந்த உபயோகம் இல்லை. அம்மாவா இருந்தாலும் அது விநியோகம். அதுல எதுவும் மாறலை. வருஷக்கணக்கா ஜெயில்."

இதலீனா உட்காராமல் நின்றாள். நேற்று ரயிலில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்ததை நினைத்தபோது வெட்கமாக இருந்தது, பிறகு கோபம் வந்தது. கையில் பத்து நாளைக்குக் கிடைத்தால் இரண்டே நாளில் செத்துப்போகிறவன் வைத்துக்கொள்ளலாமாம். பிழைக்கவைக்கிறவள் வைத்துக்கொள்ளக்கூடாதாம்.

இரண்டாவது வரிசையில் ஏட்டு சரைவா சீருடையோடு உட்கார்ந்திருந்தார். அவர் திரும்பிப் பார்க்காமலே இருந்தார். வாரத்துக்கு இரண்டு முறை இதலீனாவிடம் மீன் வாங்குகிறவர், திரும்பினால் பார்க்கவேண்டி வரும் என்று அவருக்குத் தெரியும்.

"ஏட்டய்யா," என்றான் பெல்மிரு, "உங்க காதுலயும் விழுந்துச்சில்ல? அந்தப் பையைக் கொஞ்சம் பாருங்களேன். எங்க கடைப் பையன்னா பாப்பீங்க, மீன்காரம்மான்னா பாக்க மாட்டீங்களா?"

நூறு பேர் எதிரில் கேட்டால் சரைவா என்ன செய்வார்? எழுந்து வந்தார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தோனா என்று மரியாதை சேர்த்தே கூப்பிட்டார்.

"தோனா இதலீனா, பையில என்ன இருக்கு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசல் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "அதுல இருக்கறது என்னோடது."

செல்சு நின்றுகொண்டிருந்தான். சாயங்காலத்துப் பொட்டலத்துக்காகத் தேடிக்கொண்டு வந்திருக்கிறான். முகமெல்லாம் வியர்வை, மேலே இரண்டு சட்டை போட்டும் தோள் நடுங்கியது. கூட்டம் விலகி வழிவிட்டது. அவன் நேராக ஏட்டின் முன்னால் வந்து நின்றான்.

"நான்தான் அம்மா பையில ஒளிச்சு வச்சேன். அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது. அவங்களை விடுங்க."

பத்து வருஷமாகச் செல்சு பொய்தான் சொல்லிவந்தான். காதணியை எடுக்கவில்லை என்று சொன்னான், காசைப் பார்க்கவே இல்லை என்று சொன்னான், நாளையிலிருந்து விட்டுவிடுகிறேன் என்று சொன்னான். எல்லாம் தனக்காகச் சொன்ன பொய். அவளுக்காக அவன் சொன்ன முதல் பொய் இது. அத்தனை பேர் நடுவிலும், அந்த நிலைமையிலும், இதலீனாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிள்ளை உள்ளே எங்கேயோ இன்னும் இருக்கிறான் என்று நினைத்தாள்.

சரைவா பையை வாங்கிப் பொட்டலங்களை மேசையில் வைத்து எண்ணினார். பதினெட்டு. ஃபிலொமேனா பக்கத்தில் வந்து நின்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது.

"அப்போ ஒண்ணும் சிக்கல் இல்லை, ஏட்டய்யா. அவரோடது, அவர் உபயோகத்துக்கு. பத்து நாளுக்குள்ள இருந்தா வியாழக்கிழமை எங்க முன்னாடி வந்தாப் போதும். யாரும் ஜெயிலுக்குப் போகவேண்டாம்."

இதலீனா வாயை இறுக்க மூடிக்கொண்டாள். பேசாமல் இருந்தால் போதும். பொட்டலம் போகட்டும், நாளைக்கு என்ன செய்வது என்பதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

சரைவா நோட்டை எடுத்தார். "நிறுக்க இங்கே தராசு இல்லை. கேட்டு எழுதிக்கறேன். ஒரு நாளைக்கு எத்தனை, செல்சு?"

செல்சு சுற்றிப் பார்த்தான். படகில் கூட வந்தவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் அவனோடு படித்த இரண்டு பெண்கள் குழந்தைகளோடு நின்றிருந்தார்கள். பெல்மிரு கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஊர் எதிரில் ஒரு மனிதனுக்கு எவ்வளவு மானம் மிச்சமிருக்குமோ அவ்வளவு அவனிடமும் இருந்தது. எத்தனை குடித்தாய் என்று கேட்டால் இந்த ஊரில் எவனும் சரியான எண்ணைச் சொன்னதில்லை. ஒரே ஒரு கிளாஸ் என்பான். அந்த வழக்கம்தான் அவன் வாயிலும் வந்தது.

"ஒண்ணுதான்," என்றான். "ரொம்பக் குறைச்சுட்டேன்."

ஃபிலொமேனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணுன்னா பதினெட்டு நாளாச்சே," என்றார் சரைவா மெதுவாக. "யோசிச்சுச் சொல்லுப்பா."

செல்சுவுக்கு விளங்கவில்லை. குறைத்துச் சொன்னால் நல்லது என்றுதான் அவனுக்குத் தெரியும். "ஒண்ணுதான் ஏட்டய்யா. சில நாள் அதுகூட இல்லை."

"பாத்தீங்களா," என்றான் பெல்மிரு. "பத்து நாளுக்கு மேல. அப்போ இவன் விக்கறவன். நான் சொன்னேன்ல?"

சரைவா நோட்டில் எழுத ஆரம்பித்தார். அவருக்கு வேறு வழியில்லை. பேனா நகர்வதை இதலீனா பார்த்தாள். எட்டு மாதம் உள்ளே இருந்தவன் எந்தக் கோலத்தில் வந்தான் என்பது அவள் கண்ணுக்குள் இருந்தது. வியாபாரி என்று எழுதினால் எட்டு மாதம் இல்லை, வருஷக்கணக்கு. அந்த ஈரலோடு அவன் திரும்பி வரமாட்டான்.

"ரெண்டு," என்றாள்.

சரைவா நிமிரவில்லை. "நீங்க சும்மா இருங்க, தோனா இதலீனா. அவனைத்தான் கேக்கறேன்."

"அவனுக்குக் கணக்குத் தெரியாது. நாளைக்கு ரெண்டு. பதினெட்டுன்னா ஒம்பது நாளைக்கு. ரெண்டுன்னு எழுதுங்க."

"அம்மா, பேசாம இரு," என்றான் செல்சு.

"தோனா இதலீனா, தயவுசெஞ்சு உக்காருங்க," என்றாள் ஃபிலொமேனா. அவள் குரல் கெஞ்சியது.

"ரெண்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு நான் கேக்க வேண்டியிருக்கும்," என்றார் சரைவா. "நான் இன்னும் கேக்கலை. நீங்க உக்காந்துட்டா நான் கேக்க மாட்டேன்."

இதலீனா உட்காரவில்லை. சந்தையில் எடை சொல்கிற அதே குரலில் சொன்னாள்: "காலையில அஞ்சரைக்கு ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கு ஒண்ணு. பதினாலு மாசமா நான்தான் என் கையால குடுக்கறேன். நேத்துச் சாயங்காலம் ஒண்ணு, இன்னிக்குக் காலையில ஒண்ணு குடுத்தேன், இருபதுல ரெண்டு குறைஞ்சிருக்கு. வாங்கினதும் நான்தான். அவன் ஒரு நாளும் யாருக்கும் வித்ததில்லை. அவனுக்கே போதாது."

பெல்மிரு கட்டியிருந்த கையை அவிழ்த்தான், எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி கட்டிக்கொண்டான்.

சரைவா எழுதியதை அடித்தார். பக்கத்தைத் திருப்பி, அவளுடைய பெயரை, தன் மனைவி மீன் வாங்க அனுப்பும்போது சொல்லும் அந்தப் பெயரை, மேலே எழுதினார். எழுதி முடித்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "வாங்கம்மா, ஸ்டேஷனுக்குப் போகலாம்," என்றார்.

இதலீனா சால்வையைச் சரிசெய்துகொண்டாள். செல்சு சுவரில் சாய்ந்து நின்றான். பல் அடித்துக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது. மேசையில் பதினெட்டும் வரிசையாக இருந்தன.

"வரேன் ஏட்டய்யா. மணி ஆறரை ஆச்சு, அவனுக்கு நேரம் தப்பிடுச்சு. ஒண்ணு குடுத்துட்டு வரட்டுமா?"

கொடுத்தால் அதற்குப் பெயர் என்னவென்று அவளுக்கு இப்போது நன்றாகத் தெரியும். தெரிந்துதான் கேட்டாள்.